அழிய மறுக்கும் மூன்று ஃபைல்களும் காணாமல் போன ஸ்பாம் பொத்தானும்

கேள்வி: ஐயா, நான் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டில் ஒரு ஏலக்காய் வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் கம்பம். கடைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 இருக்கிறது, மெயிலுக்கு அவுட்லுக். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸோடு ஒரு ஸ்பாம் ஃபில்டரும் வந்தது. அவுட்லுக்கின் மேல்வரிசையில் ஒரு பொத்தானாக இருந்து குப்பை மெயில்களை ஒதுக்கிக்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு நாள் அவுட்லுக் பார்ப்பதற்கே வேறு மாதிரி ஆகிவிட்டது, பொத்தானையும் காணோம். ஃபில்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து அந்த ஆன்டிவைரஸையே அன்இன்ஸ்டால் செய்தேன். பாதியில் இடி இடித்து கரன்ட் போய்விட்டது. இப்போது திரும்ப இன்ஸ்டால் செய்யப் போனால், 'முந்தைய பதிப்பு இருக்கிறது, முதலில் அதை நீக்கவும்' என்கிறது. நீக்கலாம் என்று பட்டியலைப் பார்த்தால் அதில் பெயரே இல்லை. புரோகிராம் ஃபைல்ஸில் அதன் ஃபோல்டர் மட்டும் கிடக்கிறது. உள்ளே மூன்று ஃபைல்: ஒரு டிஎல்எல், ஒரு எஸ்ஒய்எஸ், ஒரு லாக். டெலீட் கொடுத்தால் 'வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது' என்று வருகிறது. ராத்திரி ஷட்டவுன் செய்துவிட்டுக் காலையில் வந்து பார்த்தாலும் அதே கதைதான். முதலாளியின் மகன், பூட்டைத் திறக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை நெட்டிலிருந்து இறக்கலாம் என்கிறார். கட்டப்பனையில் காட்டியபோது ஃபார்மட்தான் ஒரே வழி என்றார்கள். டேலி கணக்கு, பழைய மெயில் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இன்னொரு தொல்லை: ஏல மையத்திலிருந்தும் கட்டப்பனைக் கடைகளிலிருந்தும் மலையாளத்தில் வரும் மெயில்கள் முன்பிருந்தே அடிக்கடி குப்பைக்குள் போய்க்கொண்டிருந்தன. என்ன செய்யலாம்?

– வாசகர், வண்டன்மேடு

பதில்: வணக்கம். முதலில் முதலாளியிடம் ஃபார்மட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏலம் இல்லாத ஒரு நாளில் அரை நாளை ஒதுக்கினால் முடிகிற வேலை இது.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: 'அவுட்லுக் பார்ப்பதற்கே வேறு மாதிரி ஆகிவிட்டது.' யாரோ, அநேகமாகத் தெரியாமல், வலது பக்கம் மேலே இருக்கும் 'புதிய அவுட்லுக்' என்ற சுவிட்சைத் தள்ளியிருக்கிறார்கள். பழைய அவுட்லுக்கும் புதிய அவுட்லுக்கும் பெயரில்தான் ஒன்று, உள்ளே இரண்டும் வேறு வேறு புரோகிராம்கள். உங்கள் ஃபில்டரைப் போன்றவை 'காம் ஆட்-இன்' என்ற வகையைச் சேர்ந்தவை. அதாவது அந்த டிஎல்எல் ஃபைலை அவுட்லுக் தன் வயிற்றுக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு ஓடும். புதிய அவுட்லுக் இந்த வகை ஆட்-இன் எதையும் ஏற்றாது. கெட்டுப்போனதால் அல்ல, அதன் அமைப்பே அப்படி.

ஆக, பொத்தான் மறைந்த அன்று உங்கள் ஃபில்டர் நல்ல நிலையில்தான் இருந்திருக்க வேண்டும். நீங்கள் எத்தனை முறை திரும்ப இன்ஸ்டால் செய்திருந்தாலும் பொத்தான் வந்திருக்காது. இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. திரையில் எந்த எச்சரிக்கையும் வராதபோது யாராக இருந்தாலும் ஃபில்டரைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் மற்ற வேலைகளில் இறங்குவதற்கு முன் இதைச் சரிசெய்தாக வேண்டும், இல்லையென்றால் எல்லாம் முடிந்த பிறகும் பொத்தான் இல்லாமல் திகைத்து நிற்பீர்கள். புதிய அவுட்லுக்கின் வலது மேல் மூலையில் உள்ள அதே சுவிட்சைத் திருப்பித் தள்ளுங்கள். அது கண்ணில் படவில்லையென்றால் ஹெல்ப் மெனுவில் பழைய அவுட்லுக்குக்குப் போகும் வழி இருக்கும். ஸ்டார்ட் மெனுவில் 'அவுட்லுக் கிளாசிக்' என்று தனி ஐகானும் இருக்கலாம். பழையதை 2029 வரையாவது ஆதரிப்போம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, அதனால் உடனே மாறித்தான் ஆக வேண்டும் என்ற அவசரம் இல்லை.

சரி, இப்போது அழிய மறுக்கும் மூன்று ஃபைல்கள். 'டெலீட் ஆகவில்லை' என்று எழுதுகிறவர்களில் பலர் விண்டோஸ் என்ன சொன்னது என்பதை எழுதுவதில்லை. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தால் அது உரிமைப் பிரச்சினை. 'பெயர் மிக நீளம்' என்று வந்தால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் 260 எழுத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள். 'வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது' என்பது இவை இரண்டும் இல்லை. அந்த ஃபைலை யாரோ இந்த நிமிடம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். பாயில் ஒருவர் படுத்திருக்கும்போது பாயைச் சுருட்ட முடியாது, முதலில் ஆளை எழுப்ப வேண்டும். ஃபைலோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு ஆள் யார் என்று பார்ப்போம்.

உங்கள் மூன்று ஃபைலுக்கும் மூன்று விதமான ஆட்கள். டிஎல்எல் ஃபைலைப் பிடித்திருப்பது அவுட்லுக்காக இருக்கலாம். அல்லது விண்டோஸ் எக்ஸ்ப்ளோரராக இருக்கலாம். ஒரு ஃபைலை ரைட் கிளிக் செய்தால் 'இதை ஸ்கேன் செய்' என்று ஆன்டிவைரஸ் ஒரு வரி காட்டுமே, அந்த வரியைத் தருவதும் ஒரு டிஎல்எல்தான், அதை ஏற்றி வைத்திருப்பது எக்ஸ்ப்ளோரர். லாக் ஃபைலைப் பிடித்திருப்பது அநேகமாகப் பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸ். அது நிமிடத்துக்கு நிமிடம் அதில் எழுதிக்கொண்டிருக்கும். எஸ்ஒய்எஸ் ஃபைல்தான் கொஞ்சம் வில்லங்கமானது. அது டிரைவர். விண்டோஸின் கருவுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிடும், டாஸ்க் மேனேஜரில் தேடினால் பெயர்கூடத் தெரியாது. கம்ப்யூட்டர் ஓடும்வரை அது இறங்காது.

ராத்திரி ஷட்டவுன் செய்தும் ஏன் இறங்கவில்லை என்ற கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது உங்கள் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் கருவையும் டிரைவர்களையும் அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கும். காலையில் பொத்தானை அழுத்தியதும் அதே நிலையைத் திரும்ப ஏற்றிவிடும். அதனால்தான் கம்ப்யூட்டர் சீக்கிரம் எழுகிறது, அதனால்தான் உங்கள் எஸ்ஒய்எஸ் ஃபைலும் அதே இடத்தில் இருக்கிறது. ரீஸ்டார்ட் மட்டும்தான் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் புதிதாக ஏற்றும். ஷட்டவுன் செய்து ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றுதான் என்று பழைய விண்டோஸில் பழகிய நாம் எல்லோருமே நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த மாதிரி இழுபறிகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ரீஸ்டார்ட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அன்இன்ஸ்டால் செய்யும்போது ஒரு ஃபைல் பயன்பாட்டில் இருந்தால், அன்இன்ஸ்டாலர் அதை விண்டோஸிடம் ஒப்படைத்துவிடும்: 'அடுத்த ரீஸ்டார்ட்டில் இதை அழித்துவிடு.' அந்தப் பட்டியல் காத்திருக்கும். இப்போது நீங்கள் ரீஸ்டார்ட் செய்யாமல் அதே புரோகிராமை அதே ஃபோல்டரில் திரும்ப இன்ஸ்டால் செய்தால் என்ன ஆகும்? புதிதாக வந்த ஃபைல்களும் அதே பெயரில் அதே இடத்தில்தானே இருக்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் பழைய பட்டியலின்படி அவற்றை அழித்துவிடும். 'நேற்று நன்றாக இன்ஸ்டால் ஆனது, இன்று காலையில் வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்களுக்கு இது ஒரு காரணம். அதனால்தான் நல்ல இன்ஸ்டாலர்கள் 'ரீஸ்டார்ட் பாக்கி இருக்கிறது' என்று சொல்லி நின்றுவிடுகின்றன. அது வறட்டுப் பிடிவாதம் இல்லை. நீக்கியதும் ரீஸ்டார்ட், நிறுவியதும் ரீஸ்டார்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் மெயிலையும் டேலியையும் காப்பாற்றி வைப்போம். டேலிக்கு அதிலேயே இருக்கும் பேக்கப் வசதியைப் பயன்படுத்தி ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். மெயில் விஷயம்: கடையின் சொந்த முகவரிக்குப் பாப் முறையில் (மெயிலை சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை) கணக்கு வைத்திருந்தால், பழைய மெயில் முழுவதும் பிஎஸ்டி என்று முடியும் ஒரே ஃபைலில் இருக்கும். டாக்குமென்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரைப் பாருங்கள். அவுட்லுக் திறந்திருக்கும்போது அதைக் காப்பி செய்யப் போனால் அதே 'வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது' என்ற செய்தி வரும். இந்தப் பூட்டு எதற்காக இருக்கிறது என்பது அப்போது புரியும். பாதி எழுதிய கடிதத்தோடு ஒரு ஃபைலை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கத்தான். அவுட்லுக்கை மூடுங்கள், கொஞ்ச நேரம் பொறுங்கள், பிறகு காப்பி செய்யுங்கள். காப்பி செய்த ஃபைலின் அளவும் மூலத்தின் அளவும் ஒன்றா என்று ஒரு பார்வை பாருங்கள். ஆன்டிவைரஸின் லைசென்ஸ் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பலர் அதைத் தொலைத்துவிட்டுத்தான் பெட்டியைத் தேடுகிறார்கள்.

இனி ரீஸ்டார்ட் கொடுங்கள். எழுந்ததும் அவுட்லுக்கைத் திறக்காமல் அந்த ஃபோல்டருக்குப் போய் மூன்றையும் அழித்துப் பாருங்கள். லாக் ஃபைலும் டிஎல்எல்லும் போய்விடலாம். போகவில்லையென்றால் ஆளைக் கண்டுபிடிப்போம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் ரிசோர்ஸ் மானிட்டர் என்று ஒன்றைத் திறக்க வழி இருக்கும். அதில் சிபியு என்ற பக்கத்தில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' என்ற பட்டையும் அதன் பக்கத்தில் ஒரு தேடல் பெட்டியும் இருக்கும். ஃபைல் பெயரில் நாலைந்து எழுத்தை அதில் போட்டால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் பெயர் வந்துவிடும். இதைவிட எளிதாக வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் ஃபைல் லாக்ஸ்மித் என்று ஒரு கருவி இருக்கிறது. ஃபைலை ரைட் கிளிக் செய்தால் போதும், பிடித்திருப்பவரைக் காட்டும், அங்கிருந்தே முடித்துவைக்கவும் வழி தரும்.

எக்ஸ்ப்ளோரர் என்று காட்டினால் டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். டாஸ்க்பார் ஒரு நொடி மறைந்து வரும், பயப்பட வேண்டாம். சர்வீஸ் என்று காட்டினால் சர்வீசஸ் பக்கத்தில் அதை நிறுத்தப் பாருங்கள். 'நிறுத்த முடியாது' என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். அது கோளாறு இல்லை. ஆன்டிவைரஸ்கள் தங்களைத் தாங்களே பாதுகாத்துக்கொள்ளும்படிதான் செய்யப்படுகின்றன. இல்லையென்றால் வைரஸ் உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் காவல்காரனை அழித்துவிடும். அட்மினிஸ்ட்ரேட்டரான உங்களையும் அது தடுக்கும், ஏனென்றால் வைரஸும் உங்கள் பெயரில்தான் வரும்.

இந்த இடத்தில்தான் சரியான கருவி வருகிறது. ஏறக்குறைய எல்லா ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் தங்கள் புரோகிராமை வேரோடு பிடுங்குவதற்கென்றே தனியாக ஒரு சிறு நீக்கக் கருவியைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. பாதியில் நின்ற அன்இன்ஸ்டாலுக்காகவே உண்டானது அது. அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தை நம்பாதீர்கள். கருவி எஸ்ஒய்எஸ் ஃபைலை அழிப்பதோடு, விண்டோஸ் தன் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) அதைப் பற்றி எழுதி வைத்திருக்கும் குறிப்புகளையும் அழிக்கும். 'முந்தைய பதிப்பு இருக்கிறது' என்று இன்ஸ்டாலர் சொல்வது அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான். கரன்ட் போன நேரத்தில் பட்டியலில் இருந்த பெயர் அழிந்துவிட்டது, உள்ளே இருந்த குறிப்பு அழியாமல் நின்றுவிட்டது. எனவே அந்த மூன்று ஃபைலையும் எப்படியோ கையால் அழித்திருந்தாலும்கூட இன்ஸ்டாலர் அதே பாட்டைத்தான் பாடியிருக்கும்.

எஸ்ஒய்எஸ் ஃபைலை மட்டும் கட்டாயப்படுத்தி அழிக்கவே வேண்டாம் என்பேன். மெயிலை வழியில் நிறுத்திப் பரிசோதிக்கும் டிரைவர்கள் நெட் இணைப்பின் நடுவில் உட்கார்ந்திருக்கும். பதிவேட்டில் பெயர் இருக்க, ஃபைல் மட்டும் காணாமல் போனால் நெட் வராமல் போகலாம், சில வகை டிரைவர்கள் என்றால் விண்டோஸே எழாமல் நிற்கலாம். அப்போது கட்டப்பனைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும். முதலாளியின் மகன் சொல்லும் பூட்டு திறக்கும் சாஃப்ட்வேரும் இதே காரணத்தால் எனக்குப் பிடிக்காது. அந்தப் பெயரில் நெட்டில் கிடைப்பவற்றில் பலவும் கூடவே வேண்டாத விளம்பரப் புரோகிராம்களை அழைத்துக்கொண்டு வருபவை. ஸ்பாமை ஒழிக்கப் போய் வேறொன்றை உள்ளே விட்ட கதையாகிவிடும். பதிவேட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லும் புரோகிராம்களும் அப்படித்தான்.

நீக்கக் கருவி சாதாரண நிலையில் முடிக்க முடியாவிட்டால் பெரும்பாலும் அதுவே சேஃப் மோடுக்குப் போகச் சொல்லும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். நீல நிறத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும், 4 அல்லது எஃப்4 அழுத்துங்கள். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி) போட்ட கம்ப்யூட்டர் என்றால் நடுவில் ரெக்கவரி கீ கேட்கலாம், அதை முன்கூட்டியே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் அவசியமான டிரைவர்கள் மட்டுமே ஏறும், உங்கள் எஸ்ஒய்எஸ் பெரும்பாலும் ஏறாது. அப்போது கருவிக்கு வழி கிடைத்துவிடும். ஒன்று கவனம்: சாதாரண அன்இன்ஸ்டாலர்கள் பல, விண்டோஸ் இன்ஸ்டாலர் என்ற சர்வீஸை நம்பியிருப்பவை. அந்த சர்வீஸ் சேஃப் மோடில் ஓடாது. அதனால் கன்ட்ரோல் பேனல் வழியாக அங்கே நீக்கப் பார்த்து 'எரர்' வந்தால் கலங்க வேண்டாம், நீக்கக் கருவியை மட்டும் ஓட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இதற்குப் பிறகும் 'முந்தைய பதிப்பு' என்ற செய்தி வந்தால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் தகராறுகளைத் தீர்ப்பதற்கென்றே ஒரு டிரபிள்ஷூட்டர் இருக்கிறது. கெட்டுப்போன பதிவுக் குறிப்புகளை அதுவே தேடி எடுத்துவிடும்.

உங்கள் பக்கத்தில் அடிக்கடி பார்க்கக்கூடிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் யூசர் பெயரை மலையாள எழுத்திலோ தமிழ் எழுத்திலோ வைத்திருந்தால், சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அதே எழுத்தில் ஒரு ஃபோல்டர் உருவாகியிருக்கும். இன்ஸ்டாலர்கள் தற்காலிக ஃபைல்களை அதற்குள்தான் விரித்துப் போடும். பழைய பாணியில் எழுதப்பட்ட புரோகிராம்களுக்கு அந்த எழுத்துகள் புரியாது. வழி தெரியாமல் ஏதோ ஒரு எரரைக் காட்டிவிட்டு நின்றுவிடும், அந்த எரரில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. கன்ட்ரோல் பேனலில் பெயரை மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து இன்னொரு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை உருவாக்கி அங்கிருந்து இன்ஸ்டால் செய்வதுதான் எளிது. யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள். உங்களுடையது ஆங்கில எழுத்தாக இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

நடுவில் கடை பாதுகாப்பில்லாமல் கிடக்குமோ என்று கவலைப்பட வேண்டாம். வெளி ஆன்டிவைரஸ் முழுமையாக நீங்கியதும் விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் தானே விழித்துக்கொள்ளும். விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தில் அதன் பெயர் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். இப்போதைய அரைகுறை நிலைதான் ஆபத்தானது. பழையது இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு டிஃபென்டர் ஒதுங்கியிருக்கலாம்.

இப்போது புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், பழைய அவுட்லுக்கைத் திறங்கள். பொத்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் ஆட்-இன்ஸ் பக்கத்துக்குப் போய், கீழே இருக்கும் பட்டியலில் 'டிஸேபிள்டு ஐட்டம்ஸ்' என்பதைப் பாருங்கள். திறக்கும்போது தகராறு செய்த ஆட்-இன்களை அவுட்லுக் அங்கே தள்ளிவைக்கும், திரும்ப இன்ஸ்டால் செய்தாலும் அந்தத் தடை தானாகப் போகாது. இன்னொரு சாத்தியம், ஆபீஸ் 64 பிட்டாகவும் ஃபில்டர் 32 பிட்டாகவும் இருப்பது. ஒன்றுக்குள் ஒன்று ஏறாது. ஃபில்டரின் புது பதிப்பை இறக்கினால் பெரும்பாலும் இது தீர்ந்துவிடும்.

மலையாள மெயில் விஷயம் தனி. உங்கள் ஃபில்டர் நீங்கள் 'இது குப்பை' என்று குறிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வகையாக இருந்தால், எந்தெந்தச் சொல் குப்பையில் அதிகம் வருகிறது, எது நல்ல மெயிலில் அதிகம் வருகிறது என்று ஒரு கணக்கு வைத்திருக்கும். மலையாளத்தில் வந்த நகைச்சீட்டு விளம்பரத்தையும் லாட்டரி மெயிலையும் வரிசையாகக் குப்பை என்று குறித்திருப்பீர்கள். நல்ல மலையாள மெயிலை 'இது குப்பை இல்லை' என்று யாரும் குறித்திருக்க மாட்டீர்கள், படித்துவிட்டு விட்டிருப்பீர்கள். மலையாளச் சொல் வந்தாலே குப்பை என்று அது முடிவுகட்டியிருக்கும். இந்தக் கணக்கு புரோகிராம் ஃபைல்ஸில் இருப்பதில்லை. யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டரில்தான் வழக்கமாக இருக்கும். புரோகிராமை நீக்கினாலும் அது அப்படியே நிற்கும், புதிதாக இன்ஸ்டால் செய்தால் பழைய பாடத்தோடுதான் எழும். எனவே நீக்கக் கருவி 'செட்டிங்ஸை வைத்துக்கொள்ளட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். புதிதாகத் தொடங்கியபின் முதல் சில வாரம் குப்பை ஃபோல்டரைத் தினமும் பார்த்து, தவறிப்போய் விழுந்த ஏல மையக் கடிதங்களைக் 'குப்பை இல்லை' என்று குறித்து மீட்டெடுங்கள். அவுட்லுக்கின் ஜங்க் ஆப்ஷன்ஸில் 'சேஃப் சென்டர்ஸ்' பட்டியலில் ஏல மையத்தின் டொமைனையும் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி) நீங்கள் அன்றாடம் பேசும் வியாபாரிகளின் முகவரிகளையும் சேர்த்துவிடுங்கள்.

பாப் முறையில் மெயில் எடுப்பவர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மெயில் உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும் முன்பே சர்வரிலும் ஒரு ஃபில்டர் இருக்கிறது. அது ஸ்பாம் என்று ஒதுக்கிய மெயில் சர்வரின் ஸ்பாம் ஃபோல்டரில் கிடக்கும். பாப் இன்பாக்ஸை மட்டும்தான் இறக்கும். எனவே நீங்கள் தேடும் ஏல லாட் விவரம் அவுட்லுக்கின் எந்த ஃபோல்டரிலும் இல்லாமல் போகலாம். பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து அங்குள்ள ஸ்பாமைப் பாருங்கள். ஜிமெயில் என்றால் 30 நாளில் தானே அழித்துவிடும், அதற்குள் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, அந்த ஃபில்டரைத் திரும்பப் போடத்தான் வேண்டுமா என்று கேட்டால், என் அபிப்பிராயம் வேண்டாம் என்பதுதான். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து ஸ்பாமைப் பிரிக்கும் காலம் ஏறக்குறைய போய்விட்டது. அவுட்லுக்கின் சொந்த ஜங்க் ஃபில்டருக்கே புது விவரங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2016 நவம்பரோடு நிறுத்திக்கொண்டது. சர்வரிலேயே வடிகட்டுவதுதான் இனி வழி என்பது அதன் பொருள். அனுப்புகிற சர்வர் நம்பத்தக்கதா, ஒரே மெயில் ஒரே நேரத்தில் லட்சம் பேருக்குப் போகிறதா என்பதெல்லாம் சர்வருக்குத் தெரியும், உங்கள் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மெயில் சேவை தருபவரிடம் பேசி அவர்களுடைய ஸ்பாம் ஃபில்டர் ஓடுகிறதா என்று கேளுங்கள். அது சரியாக இருந்தால் பழைய ஆன்டிவைரஸை நீக்கியதோடு நிறுத்திக்கொள்ளலாம். சந்தா மிச்சம் இருக்கிறதே என்று முதலாளி யோசித்தால், ஆன்டிவைரஸை மட்டும் போட்டு ஸ்பாம் பகுதியை அணைத்து வைக்கலாம், பெரும்பாலான தொகுப்புகளில் அதற்கு வழி உண்டு.

எந்த ஃபில்டரும் பிடிக்காத மெயில் ஒன்று இருக்கிறது, ஏலக்காய் மாதிரி பெரிய தொகை புரளும் வியாபாரத்தில் அதுதான் எனக்குப் பயம். உங்களோடு பேசும் வியாபாரியின் நிஜ மெயில் கணக்கையே ஒருவன் கைப்பற்றி, அதே பழைய உரையாடலுக்குக் கீழே 'எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இதில் போடுங்கள்' என்று எழுதுவான். அதில் குப்பைக்கான அடையாளம் எதுவும் இருக்காது. கணக்கு எண் மாறியதாக மெயில் வந்தால், அந்த மெயிலில் உள்ள நம்பருக்கு இல்லாமல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்கு ஒரு போன் போட்டு கேட்டுவிடுங்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

இடியோடு கரன்ட் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். துலா (ஐப்பசி) மாதத்து மத்தியான இடி நேரத்தில் இடுக்கியில் யாரும் பெரிய வேலையைத் தொடங்கக் கூடாது, யுபிஎஸ் இல்லையென்றால் காலையிலேயே முடித்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் டிஸ்கின் கணக்கேட்டிலேயே குளறுபடி வரலாம். அழிய மறுக்கும் ஃபைல்களுக்கு அதுவும் ஒரு காரணம். சி டிரைவை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், அங்கே 'செக்' கொடுங்கள். பிழை காட்டினால் சரிசெய்யச் சொல்லி ரீஸ்டார்ட் செய்யுங்கள். சரியாகிவிட்டால் விஷயம் முடிந்தது. திரும்பத் திரும்பப் பிழை வந்தால் டிஸ்க்கே தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் ஃபார்மட் செய்து பயன் இல்லை, புது எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் போட்டு, நீங்கள் எடுத்துவைத்த டேலி பேக்கப்பையும் பிஎஸ்டி ஃபைலையும் அதில் ஏற்றச் சொல்லுங்கள்.